உடம்புவாகு எது வரை? – வாசகர் கேள்வி பதில்

எடை, மெட்டபாலிசம் (உடல் கலோரியை எரிக்கும் வேகம்), பரம்பரை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: உடல் எடைக்கு 70 சதவீதம் மரபணுதான் காரணம் என்று படித்தேன். என் எடை 80 கிலோ. அப்படியானால் 56 கிலோ அப்பா அம்மா கொடுத்ததா? மீதி 24 கிலோதான் என் கையில் இருக்கிறதா?

பெருக்கல் சரி, பெருக்கிய இடம்தான் தப்பு. அந்த 70 சதவீதம் ஒரு தனி ஆளின் எடையைக் கூறுபோடும் எண் அல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் எடை வித்தியாசப்படுகிறதே, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆய்வுக்கு ஆய்வு 40 முதல் 70 வரை மாறவும் செய்யும்.

இந்த எண் பெரும்பாலும் இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. 1986-ல் டென்மார்க்கில் 540 தத்துப் பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு பார்த்தார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. ‘வீட்டுப் பழக்கம்தான் எல்லாம்’ என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர்களை யோசிக்க வைத்த முடிவு அது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1990-க்கும் 2022-க்கும் இடையில் உலகில் உடற்பருமன் உள்ள பெரியவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. முப்பது ஆண்டில் மனிதனின் மரபணு மாறிவிடாது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடையை விடவும் அதிகமாகப் பரம்பரையைச் சார்ந்தது அது. ஆனாலும் பேரன் தாத்தாவை விட உயரமாக இருப்பதைப் பார்க்கிறோம். ஊட்டம் மாறும்போது மொத்தக் கூட்டமும் நகர்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையில்தான் மரபணுவின் கை ஓங்கி இருக்கிறது. உங்கள் 80 கிலோவில் எத்தனை கிலோவைக் குறைக்க முடியும் என்பதற்கு அந்தச் சதவீதத்தில் பதிலே கிடையாது.

கேள்வி: நானும் என் தங்கையும் ஒரே சமையலைத்தான் சாப்பிடுகிறோம். அவள் 55 கிலோ, நான் 75. எனக்கு மெட்டபாலிசம் மந்தம் என்கிறார்கள். உண்மையா?

இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் நிறையப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஓடுவதற்கு உடல் செலவழிக்கும் கலோரிதான் ஓய்வு நேரச் செலவு. நாள் முழுச் செலவில் பாதிக்கு மேல் இதுதான். பலருக்கு 60 முதல் 70 சதவீதம் வரை வரும். இதை மதிப்பிட 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிலோவில் எடையை 10-ஆல் பெருக்குங்கள். செ.மீ.-யில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்ணுக்கு இன்னொரு 161-ஐக் கழிக்க வேண்டும், ஆணுக்கு 5-ஐக் கூட்ட வேண்டும்.

இருவருக்கும் உயரம் 160 செ.மீ., வயது சுமார் 40 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 750 + 1000 – 200 – 161 = 1,389 கலோரி. தங்கைக்கு 550 + 1000 – 200 – 161 = 1,189. அதாவது சும்மா இருக்கும்போதே தங்கையை விட நீங்கள் நாளுக்கு 200 கலோரி கூடுதலாக எரிக்கிறீர்கள். பெரிய உடலை நடத்த அதிக எரிபொருள் வேண்டும், அவ்வளவுதான். சூத்திரம் தனி ஆளுக்கு 10 சதவீதம் முன்னே பின்னே தவறலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் ‘மந்தம்’ என்ற சொல் இங்கே பொருந்துவது கடினம்.

சரி, பரம்பரைக்கு இதில் வேலையே இல்லையா என்றால், உண்டு. கனடாவில் 12 ஜோடி ஒத்த இரட்டையர்களுக்கு, 100 நாள் காலத்தில் 84 நாட்கள், தேவையை விட 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது. சராசரியாக 8.1 கிலோ ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ! ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியது. ஜோடிக்கு ஜோடிதான் பெரிய இடைவெளி. கொழுப்பு எந்த இடத்தில் சேர்ந்தது என்பதில்கூட இரட்டையர் ஒத்துப்போனார்கள்.

கூடுதல் கலோரி எங்கே போனது? 1999-ல் 16 பேரிடம் நடந்த ஆய்வு ஒரு விடை தந்தது. எட்டு வாரம் தினம் 1,000 கலோரி கூடுதல். சிலர் தம்மை அறியாமலே அதிகம் அசைய ஆரம்பித்துவிட்டார்கள்: எழுந்து நடப்பது, கால் ஆட்டுவது, நின்றபடி பேசுவது. உடற்பயிற்சி அல்லாத இந்த அசைவு ஒருவருக்கு நாளுக்கு 692 கலோரி கூடியது, இன்னொருவருக்குக் கூடவே இல்லை, கொஞ்சம் குறைந்தது. யாருக்கு அசைவு கூடியதோ அவருக்குக் கொழுப்பு குறைவாகவே சேர்ந்தது. ‘ஒரு இடத்தில் உட்காரமாட்டாள்’ என்று சிலரைச் சொல்வோமே, அதே சங்கதி.

அதையும் தாண்டிப் பெரிய விஷயம் பசி. எடையோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட மரபணுக்களில் பெரும்பாலானவை வேலை செய்வது மூளையில். ‘போதும்’ என்ற உணர்வு எத்தனையாவது கவளத்தில் வரும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி உணவு நினைவு வருமா என்பதையெல்லாம் அவை ஆட்டிவைக்கின்றன. உங்களுக்கும் தங்கைக்கும் சமையல் ஒன்று. ஆனால் தட்டில் விழும் அளவும், இடையில் வாயில் போட்டுக்கொள்வதும் ஒன்றா? ஏழு நாள் இருவரும் தனித்தனியாக எடைபோட்டு எழுதிப் பாருங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். எல்லோருமே குறைத்துத்தான் எழுதுகிறோம். எண்ணெய், பானங்கள், ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்தது ஆகிய நான்கும்தான் வழக்கமாக விட்டுப்போகும்.

இன்னொன்று: உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் ஒரே உடம்புவாகு வரவேண்டும் என்று விதியில்லை.

கேள்வி: நாற்பது வயதானதும் மெட்டபாலிசம் விழுந்துவிடும் என்கிறார்களே?

இல்லை. 8 நாள் குழந்தை முதல் 95 வயது வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த முடிவு 2021-ல் வந்தது. உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 முதல் 60 வயது வரை கலோரிச் செலவு சமமாகவே இருக்கிறது. அதன் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. நாற்பதில் இறங்குவது நடையும் தசையும்.

கேள்வி: தைராய்டு குறைவால்தான் எனக்கு 20 கிலோ கூடிவிட்டதா?

தைராய்டு குறைவு எடையைக் கூட்டும், ஆனால் பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரையால் டி.எஸ்.ஹெச். (தைராய்டு சோதனையில் பார்க்கும் ஹார்மோன்) அளவு சரியான பிறகும் 20 கிலோ அப்படியே நின்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்குத் தரும் ஓலன்சபின், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எச்சிலை அனுப்பினால் ‘உங்கள் மரபணுவுக்கு ஏற்ற டயட்’ என்று அறிக்கை தருகிறார்கள். எனக்கு எஃப்டிஓ மரபணு ‘ஆபத்து வகை’, மாவுச்சத்து ஆகாது என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

முதல் பாதியை நம்பலாம், இரண்டாம் பாதியை ஓரமாக வையுங்கள்.

எஃப்டிஓவுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 2007-ல் தெரியவந்தது. இந்த வகையின் இரண்டு பிரதிகள் உள்ளவர்கள், ஒன்றும் இல்லாதவர்களை விடச் சராசரியாக 3 கிலோ அதிகம். சாதாரண உடற்பருமனில், பலரிடமும் காணப்படும் மரபணு வேறுபாடுகளில் தனி ஒன்றுக்கு இதுவே மிகப் பெரிய விளைவு. வெறும் 3 கிலோ. அதிலும், 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2011 ஆய்வில், உடல் உழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவால் வரும் உடற்பருமன் வாய்ப்பு சுமார் 27 சதவீதம் தணிந்திருந்தது. 2016-ல் 9,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது, இந்த வகை உள்ளவர்களுக்கும் உணவு, பயிற்சி, மருந்து எதிலும் எடை மற்றவர்களைப் போலவே குறைந்தது. உங்கள் அறிக்கை இந்த நல்ல செய்தியைச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

‘மாவுச்சத்து ஆகாது’ என்பதற்கு வருவோம். 2018-ல் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்த அணிக்குச் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்த அணிக்கு 6 கிலோ குறைந்தது. வேறுபாடு பொருட்படுத்தும் அளவில் இல்லை. ‘இந்த மரபணுவுக்கு இந்த டயட்’ என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருந்ததும் பலிக்கவில்லை. ஒரே அணிக்குள்ளேயே சிலருக்கு 25 கிலோவுக்கு மேல் குறைந்தது, சிலருக்குக் கூடியது. அந்த இடைவெளியை எச்சில் சோதனை முன்னறிவிக்கவில்லை.

அறிக்கை கையில் இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். எத்தனை மரபணு வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்? 2018-ல் 941 வேறுபாடுகளைச் சேர்த்தும் மக்களிடையே உள்ள பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. பத்து வேறுபாட்டை வைத்துத் தட்டில் என்ன வைப்பது என்று சொல்வது ஜோசியம். அடுத்து, எந்த மக்களின் தரவு? இத்தகைய வேறுபாடுகளைக் கூட்டிப் போடும் மரபணு மதிப்பெண்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவானவை. மற்றவர்களுக்குக் கணிப்பு பலவீனமாகிறது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மரபணுவில் தேர்ந்தெடுத்த இடங்களை மட்டும் பார்க்கும் இத்தகைய ‘சிப்’ சோதனை அரிய மாற்றம் ஒன்று இருப்பதாகக் காட்டினால், மருத்துவ ஆய்வகத்தில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசைமுறை சோதனை செய்து உறுதியாகும் வரை பதற வேண்டாம். பொய் முடிவுகள் அங்கே சகஜம்.

கேள்வி: என் பேரனுக்கு மூன்று வயது. எடை மிக அதிகம். எந்நேரமும் பசி, ராத்திரி எழுந்து உணவு தேடுகிறான், கொடுக்காவிட்டால் மூர்க்கமாக அழுகிறான். ‘கண்டித்து வளர்க்கவில்லை’ என்று மகளைத் திட்டுகிறார்கள்.

மகளைத் திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு முன்பே கடும் உடற்பருமனும் அடங்காப் பசியும் சேர்ந்து வந்தால், ஒற்றை மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். இவை அரியவை. ஆனால் கண்டுபிடித்தால் சிகிச்சையே மாறும்.

குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போகும்போது, பிறந்ததிலிருந்து பதிவான எடை, உயரம் எல்லாவற்றையும் தேதியோடு கொண்டுபோங்கள். உயரம் முக்கியம். தைராய்டு அல்லது கார்டிசால் கோளாறு என்றால் எடை ஏற ஏற உயர வளர்ச்சி தேங்கும். எம்சி4ஆர் மரபணுக் கோளாறில் குழந்தை வயதுக்கு மீறி உயரமாகவே இருக்கும். கடுமையான குழந்தைப் பருவ உடற்பருமனில் இந்த ஒரு மரபணுவே 100 பேரில் 5 பேர் வரை காரணமாகலாம்.

மருத்துவர் கேட்கக்கூடியவற்றுக்குப் பதிலையும் தயாராக வைத்திருங்கள். பிறந்தபோது துவண்டு கிடந்து பால் குடிக்கச் சிரமப்பட்டானா? அப்படியானால் 15-ஆவது குரோமோசோமில் வரும் பிராடர்–வில்லி குறைபாட்டைச் சோதிப்பார்கள். கையிலோ காலிலோ ஆறாவது விரல் இருந்ததா, மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுகிறானா? அது பார்டெட்–பீடில் குறைபாட்டின் அடையாளம். பிறந்த சில நாளில் ரத்தச் சர்க்கரை இறங்கியதா? அட்ரினல் சுரப்பியையும் பாதிக்கும் பிஓஎம்சி மரபணுக் கோளாறு நினைவுக்கு வர வேண்டும். பெற்றோர் சொந்தத்துக்குள் மணந்தவர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே பழுது வந்தால்தான் சில கோளாறுகள் வெளிப்படும்.

ரத்தத்தில் லெப்டின் அளவும் பார்க்கலாம். கொழுப்பு செல்கள் ‘சேமிப்பு போதும்’ என்று மூளைக்கு அனுப்பும் ஹார்மோன் இது. 1994-ல் கண்டறியப்பட்டது. சாதாரண உடற்பருமனில் லெப்டின் ஏராளமாக இருக்கும். மூளைதான் காதில் வாங்காது. அதனால் அவர்களுக்கு லெப்டின் ஊசி பயன் தரவில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒன்பது வயதுச் சிறுமிக்கோ, 94 கிலோ எடையில் தொடங்கி ஓராண்டு ஊசி போட்டதில் 16 கிலோ குறைந்தது. 1999-ல் இது வெளியானது. ஒரே நோய்ப் பெயர், ஒரே மருந்து, காரணம் வேறு என்பதால் பலனும் வேறு. பிஓஎம்சி கோளாறுக்கும், லெப்டினை மூளையில் வாங்கும் ஏற்பியின் கோளாறுக்கும் செட்மெலனோடைட் என்ற ஊசி 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2022-ல் பார்டெட்–பீடிலுக்கும் அது விரிந்தது. இந்த ஊசி தோலின் நிறத்தைக் கருமையாக்கும். முன்பே தெரிந்தால் பயம் இராது.

சோதனை முடிவு வரும் வரை: சாப்பாட்டு நேரத்தை நிமிடம் மாறாமல் வையுங்கள், உணவு கண்ணில் படும்படி வைக்காதீர்கள், அலமாரிக்குப் பூட்டு போடுங்கள். இது தண்டனை அல்ல. அடுத்த வேளை எப்போது என்று நிச்சயமாகத் தெரிந்தால் இந்தக் குழந்தைகளின் பதற்றம் குறைகிறது.

கேள்வி: வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியில் என் சகோதரருக்கு 18 கிலோ போய்விட்டது. எனக்கு நான்கு மாதத்தில் 4 கிலோ. என் மரபணுவுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

இத்தகைய ஊசிகளில் ஒன்றான செமக்ளூடைட் 2.4 மி.கி. பற்றி 1,961 பேரிடம் 68 வாரம் நடந்த 2021 ஆய்வில், அந்த மருந்தைப் பெற்றவர்களுக்குச் சராசரி எடைக்குறைவு 14.9 சதவீதம். சராசரிக்குள் ஒளிந்திருப்பதைப் பாருங்கள். மூன்றில் ஒருவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நூற்றுக்குப் 14 பேருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. மருந்து போய் உட்காரும் ஏற்பியின் மரபணு வேறுபாடுகளும் இதில் பங்கு வகிக்கலாம். ஆனால் ‘உனக்கு இந்த ஊசி, அவனுக்கு அது’ என்று பிரிக்கும் அளவுக்கு நம்பகமான சோதனை கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் குறைவாகவும், பெண்களுக்கு ஆண்களை விட அதிகமாகவும் குறைகிறது என்பதுதான் இப்போதைக்கு உதவும் தகவல்.

மரபணுவைச் சந்தேகிப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். உங்கள் ஊசி செமக்ளூடைட் என்றால், 0.25 மி.கி.-யில் தொடங்கி 0.5, 1, 1.7 என்று நான்கு நான்கு வாரமாக ஏற்றினால், முழு அளவான 2.4-ஐத் தொடவே 17-ஆவது வாரம் ஆகிவிடும். நீங்கள் இப்போதுதான் வாசலில் நிற்கிறீர்கள். முழு அளவை, அல்லது உங்களால் தாங்க முடிந்த உச்ச அளவை, எட்டிய பிறகு மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். தொடங்கிய எடையில் 5 சதவீதம் குறையவில்லை என்றால் மாற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசும் நேரம். ஒரு ஊசி பலிக்காதவருக்கு வேறொன்று பலிப்பதுண்டு.

பலன் தராமல் போவதற்கு வேறு சாதாரணக் காரணங்களும் உண்டு: ஒருமுறை உறைந்துபோன பேனாவைப் பயன்படுத்துவது, குமட்டலுக்குப் பயந்து வாரம் தவறவிடுவது, பசி அடங்கியும் கலோரிப் பானங்களை விடாதது. இரண்டு மூன்று வாரம் தவறியிருந்தால் பழைய அளவில் நேராகத் தொடங்காதீர்கள், வாந்தி படுத்திவிடும். மருத்துவரைக் கேட்டுக் கீழ் அளவிலிருந்து ஏறுங்கள்.

ஊசிக்கு முன் கேட்டே ஆக வேண்டிய பரம்பரைக் கேள்வி ஒன்று இருக்கிறது, பலர் கேட்பதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய், அல்லது நாளமில்லாச் சுரப்பிகளில் கட்டிகள் வரும் எம்.இ.என்.-2 என்ற பரம்பரைக் கோளாறு உண்டா? உண்டு என்றால் இந்த வகை ஊசிகள் வேண்டாம்.

கேள்வி: 15 கிலோ குறைத்தேன், ஒன்றரை ஆண்டில் 11 கிலோ திரும்பிவிட்டது. மனக்கட்டுப்பாடு இல்லை என்கிறார்கள்.

எடை குறைந்த உடல் பழைய எடைக்குத் திரும்பப் பாடுபடும். ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, அவர்கள் உடல் அளவுக்கு எதிர்பார்த்ததை விட ஓய்வு நேரச் செலவு நாளுக்கு 500 கலோரி போலக் குறைவாகவே இருந்தது. அது மிகக் கடுமையான எடைக்குறைப்பு. சாதாரணமாகக் குறைப்பவர்களுக்கு இவ்வளவு இருக்காது. பசியின் பங்கு இதைவிடப் பெரியது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்கு 20–30 கலோரி இறங்குகிறது, பசியோ சுமார் 100 கலோரி ஏறுகிறது என்று ஒரு மதிப்பீடு. 15 கிலோவுக்குப் பெருக்கினால் 1,500 கலோரிப் பசி. இப்போதும் தினம் சுமார் 400 கலோரிப் பசியைச் சமாளித்துத்தான் 4 கிலோவைத் தக்கவைத்திருக்கிறீர்கள்.

நடைமுறையில்: குறைக்கும் கட்டத்திலேயே வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி, உடல் எடை கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதம் (சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டு). இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போய், திரும்பி வருவது கொழுப்பு மட்டுமாகிவிடும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, 2 கிலோ ஏறியதுமே பழைய திட்டத்துக்குத் திரும்புங்கள். 11 வரை காத்திருந்தால் ஏற்றம் செங்குத்தாகிவிடும். மருந்தால் குறைத்தவர்களுக்கும் இதே கதைதான். மேற்சொன்ன ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில்லையா, அதே போல.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, நான் மூவருக்கும் 25 வயதுக்கு முன்பே சர்க்கரை. மூவருமே ஒல்லி. மெட்ஃபார்மின் எனக்கு எடுபடவில்லை.

மூன்று தலைமுறை, இளவயது, ஒல்லி உடம்பு என்ற மூன்றும் சேர்ந்தால் ‘மோடி’ எனப்படும் ஒற்றை மரபணுச் சர்க்கரை நோயைச் சோதிக்கத்தான் வேண்டும். முதலில் சி-பெப்டைடு (உடலே சுரக்கும் இன்சுலினைக் காட்டுவது), காட் ஆன்டிபாடி (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்குவதன் அடையாளம்) என்ற ரத்தச் சோதனைகள் இரண்டும் பாருங்கள். உடலில் இன்சுலின் சுரப்பு மிச்சம் இருந்து, ஆன்டிபாடி இல்லை என்றால் மரபணுச் சோதனைக்குப் போகலாம்.

மோடியில் ஹெச்என்எஃப்1ஏ வகை என்று வந்தால் மெட்ஃபார்மினை விட க்ளிக்ளசைடு என்ற மாத்திரை சுமார் ஐந்து மடங்கு அதிகமாக வேலை செய்ததாக 2003-ல் காட்டினார்கள். மிகச் சிறிய அளவே போதும். வழக்கமான அளவில் தொடங்கினால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். ஜிசிகே வகை என்று வந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 145 வரை நிலையாக நிற்கும், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. கர்ப்ப காலம் மட்டும் விதிவிலக்கு. இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவர் என்றால் அறிக்கை கைக்கு வந்த அன்றே ஊசியை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைக்கு மாறுவது மருத்துவர் கண்காணிப்பில், தினமும் சர்க்கரை பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. முடிவு வந்ததும் அப்பாவையும் சோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒரே மாற்றத்தைத் தேடுவதால் இரண்டாவது ஆளுக்குச் சோதனை எளிது.